சம்பளம் குறைந்தால் பிள்ளையின் ஜீவனாம்சமும் குறையுமா?

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு 50 விழுக்காடு வரி விதித்தது. தோலையும் ஷூவையும் நம்பிப் பிழைக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் அன்று தொடங்கிய கவலை எல்லாருக்கும் தெரியும்: ஆர்டர் குறையுமா, ஓ.டி. போய்விடுமா, ஷிஃப்டைக் குறைப்பார்களா? இந்தக் கவலையோடு இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. கணவன் மனைவி பிரிந்து, பிள்ளைக்கு மாதாமாதம் இவ்வளவு கொடு என்று நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. இப்போது அப்பாவின் சம்பளம் குறைந்துவிட்டால் அந்தத் தொகை என்ன ஆகும்?

“வருமானம் குறைந்தது, அதற்குத் தக்கபடி நானும் குறைத்துக் கொடுக்கிறேன்” என்று அப்பா நினைக்கிறார். “அவருக்கு இன்க்ரிமென்ட் வந்து இரண்டு வருடமாகிறது, கோர்ட்டே கூட்டிக் கொடுக்கும்” என்று அம்மா காத்திருக்கிறார். இரண்டுமே தவறு, அதுவும் ஒரே இடத்தில். நீதிமன்றம் போட்ட எண் யாருடைய சம்பளச் சீட்டோடும் கட்டப்பட்டதல்ல. சம்பளம் ஏறினாலும் இறங்கினாலும், யாராவது மனுப் போட்டு மாற்றும்வரை அது நின்ற இடத்திலேயே நிற்கும்.

எந்தச் சட்டத்தின் கீழ் வந்த தொகை?

பிள்ளைக்கான ஜீவனாம்சம் பல வாசல்கள் வழியாக வருகிறது. எந்த வாசல் என்பது முக்கியம். தொகையை மாற்றக் கேட்பதும் அதே வாசலில்தான்.

1. நீதிமன்ற வளாகங்களில் ‘எம்.சி. கேஸ்’ (மெயின்டெனன்ஸ் கேஸ்) என்று சொல்வது முதல் வாசல். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருப்பதால் இப்போது 144ஆம் பிரிவு. வக்கீல்களும் கட்சிக்காரர்களும் இன்னும் ‘ஒன் ட்வென்டி ஃபைவ்’ என்றே சொல்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். இதற்கு மதம் கிடையாது. பெற்றோர் முறைப்படி மணமானவர்களா என்ற கேள்வியும் பிள்ளையின் உரிமையைத் தொடாது.

2. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம். இதன் 20ஆம் பிரிவு, பிள்ளைகளைக் காப்பாற்றும் கடமையை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே வைக்கிறது.

3. விவாகரத்து வழக்கு நடக்கும்போதோ முடியும்போதோ, இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் பிள்ளையின் பராமரிப்புக்கும் படிப்புக்கும் போடப்படும் உத்தரவு.

4. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் கிடைக்கும் பண நிவாரணம்.

மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் அடிக்கடி எழும் சந்தேகம் ஒன்று உண்டு. தலாக் ஆகிவிட்டால் பிள்ளைக்கு இரண்டு வயது வரைதான் அப்பா கொடுக்க வேண்டுமாமே? 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் சட்டத்தில் இருக்கும் அந்த ‘இரண்டு வருடம்’, குழந்தையைக் கையில் வைத்திருக்கும் தாய்க்குத் தர வேண்டிய தொகை சம்பந்தப்பட்டது. பிள்ளைக்குத் தனியாக உள்ள உரிமையை அது வெட்டாது என்று உச்ச நீதிமன்றம் 1997இல் நூர் சபா காத்தூன் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. விவாகரத்தான முஸ்லிம் பெண் தனக்காக 125ஆம் பிரிவில் கேட்கலாமா என்பதற்கும் 2024 ஜூலை 10 அன்று முகமது அப்துல் சமத் வழக்கில், கேட்கலாம் என்று பதில் வந்தாயிற்று.

தொகையை எப்படி நிர்ணயிக்கிறார்கள்?

இணையத்தில் இதைத் தேடினால் வெளிநாட்டுக் கணக்குகள்தான் முதலில் வந்து நிற்கும். பிரிட்டனில் இதற்கென்று ஒரு வாய்பாடே உண்டு: அடிப்படை விகிதத்தில், வாரத்துக்கு 800 பவுண்டு வரையிலான வருமானத்தில் ஒரு பிள்ளைக்கு 12 விழுக்காடு, இரண்டு பிள்ளைகளுக்கு 16, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 19. ஆண்டுக்கொரு முறை மறுகணக்கு. நடுவில் வருமானம் 25 விழுக்காடு மாறினால்தான் மறுபடி கணக்குப் போடுவார்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி வழிகாட்டுக் கணக்கு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நம் ஊர் வழக்குக்குக் கணக்குப் போடுகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். இந்தியாவில் அப்படி வாய்பாடு கிடையாது.

‘சம்பளத்தில் கால் பங்கு’ என்று பேசிக்கொள்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது? 1970இல் குல்பூஷண் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து, 2017இல் கல்யாண் டே சௌத்ரி வழக்கில், கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு நியாயமாக இருக்கும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. அது மனைவிக்கான ஜீவனாம்சத்தைச் சுற்றிச் சொல்லப்பட்ட அளவுகோல். பிள்ளைக்கென்று விதித்த விகிதமல்ல, எல்லா வழக்குக்கும் பொருந்தும் சட்டமுமல்ல. ஆனால் அந்த வழக்கில் கவனிக்க வேண்டியது வேறொன்று. உயர் நீதிமன்றம் மாதம் ரூ.23,000 என்று உயர்த்தியிருந்தது. கணவர் மறுமணம் செய்து, அந்த மணத்தில் ஒரு குழந்தையும் பிறந்திருந்ததைக் கணக்கில் எடுத்து உச்ச நீதிமன்றம் அதை ரூ.20,000 ஆக்கியது. சூழ்நிலை மாறினால் தொகை மாறும் என்பதற்கும், கொஞ்சம்தான் மாறும் என்பதற்கும் ஒரே வழக்கில் சான்று.

வாய்பாடு இல்லாத இடத்தில் நீதிபதி பார்ப்பது மூன்று விஷயம்: பிள்ளைக்கு என்ன தேவை, பெற்றோரிடம் என்ன இருக்கிறது, சேர்ந்து வாழ்ந்தபோது அந்தக் குடும்பம் எப்படி வாழ்ந்தது. 2001 வரை 125ஆம் பிரிவில் ரூ.500 என்ற உச்சவரம்பு இருந்தது. அந்த ஆண்டுத் திருத்தத்தில்தான் அது போனது. அதற்கு முன், அப்பா ஷூ கம்பெனி முதலாளியானாலும் அங்கே தோல் வெட்டுகிறவரானாலும் அந்தப் பிரிவில் ஐந்நூறைத் தாண்ட முடியாது. சம்பளம் ஏறிய கதையைச் சொல்லி என்ன பயன்! இன்று வரம்பு இல்லை. அதனால்தான் வருமான மாற்றம் இவ்வளவு பெரிய விஷயமாகியிருக்கிறது.

வருமானத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கொரு ஒழுங்கைக் கொண்டுவந்தது. இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் எழுதிப் பிரமாண வாக்குமூலம் தர வேண்டும். படிவத்தையும் நீதிமன்றமே வகுத்துக் கொடுத்தது. விவசாயத்தில் இருப்பவர்களுக்குத் தனிப் படிவம். பாலாற்றுப் படுகையில் தென்னந்தோப்பை வைத்துக்கொண்டு ‘எனக்கு வருமானமே இல்லை’ என்று ஒற்றை வரியில் முடித்துவிட முடியாது; எத்தனை ஏக்கர், யார் பயிரிடுகிறார்கள், என்ன வருகிறது என்று எழுதியாக வேண்டும். பொய் எழுதினால் அது தனி வழக்காகவே மாறக்கூடும்.

நம் தலைப்புக்கு நேராக வரும் வரி ஒன்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே யாருடைய நிலைமையாவது மாறினால், திருத்திய வாக்குமூலமோ கூடுதல் வாக்குமூலமோ தாக்கல் செய்யலாம். முதல் வாய்தாவில் கொடுத்த சம்பளச் சீட்டு மூன்று வருடம் கழித்துத் தீர்ப்பு வரும்போது பழங்கதையாகியிருக்கும். அதைப் புதுப்பிக்காமல் விட்டால், நீதிபதி பழங்கதையை வைத்துத்தான் எழுதுவார்.

மனுத் தேதிதான் எல்லாம்

இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாசலான எம்.சி. கேஸில், முன்பு 127ஆம் பிரிவாக இருந்து இப்போது 146 ஆகியிருக்கும் பிரிவு சொல்வது இதுதான்: கொடுக்கிறவரின் சூழ்நிலையோ வாங்குகிறவரின் சூழ்நிலையோ மாறியதாக நிரூபித்தால் மாஜிஸ்திரேட் தொகையைத் தக்கபடி மாற்றலாம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவும் இதையேதான் சொல்கிறது. தீர்ப்பால் முடிவான தொகைக்கு மட்டுமல்ல, ஒப்பந்தத்தால் முடிவான தொகைக்கும் அது பொருந்தும். குடும்ப வன்முறைச் சட்டத்தில் 25ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. மூன்றிலும் சூழ்நிலை மாறியதை நீதிமன்றத்துக்குக் காட்டியாக வேண்டும். நிரூபிக்க ஒரு மனு வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அப்பா ஷூ கம்பெனியில் வேலை. பிள்ளைக்கு மாதம் ரூ.8,000 என்று உத்தரவு. ஜனவரியில் ஓ.டி. நின்று சம்பளம் குறைகிறது. அவர் யாரிடமும் சொல்லாமல் மாதம் ரூ.5,000 அனுப்புகிறார். செப்டம்பர் முதல் தேதி மனுப் போடுகிறார். நீதிமன்றம் அவர் சொல்வதை அப்படியே ஏற்று ரூ.5,000 ஆக்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். குறைந்த தொகை மனு நாளிலிருந்தோ உத்தரவு நாளிலிருந்தோதான் பொதுவாக நடைமுறைக்கு வரும். ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை எட்டு மாதம், மாதம் ரூ.3,000 வீதம் ரூ.24,000 நிலுவை. அவருடைய கஷ்டம் நிஜம், நீதிபதியே நம்பிவிட்டார், ஆனாலும் கடன் நிற்கிறது.

இப்போது அம்மா பக்கம். அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்து, கேட்டிருந்தால் மாதம் ரூ.4,000 கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று வையுங்கள். ‘அவராகவே கொடுப்பார்’ என்று இரண்டு வருடம் காத்திருந்து அப்புறம் மனுப் போட்டால், அந்த 24 மாதத்துக்கான ரூ.96,000 பெரும்பாலும் கைக்கு வராது. கடன்கூட அல்ல அது, வெறும் ஏக்கம்தான்.

அமெரிக்காவிலும் இதே தர்க்கம் ஓடுகிறது என்பது வியப்பான விஷயம். 1986இல் வந்த பிராட்லி திருத்தத்தின்படி, சேர்ந்துவிட்ட பழைய நிலுவையை அங்கே எந்த மாநில நீதிமன்றமும் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. மாற்றக் கேட்ட மனு எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கப்பட்ட நாளுக்கு முந்தைய காலத்தைத் தொட வழியில்லை. வாய்பாடு இருந்தும்கூடத் தொகை தானாக இறங்குவதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள் இங்கேயே.

ஒன்று, மாற்றம் என்பது உத்தரவுக்குப் பிறகு நடந்ததாக இருக்க வேண்டும். ‘அன்றைக்கே என் சம்பளம் குறைவுதான், வக்கீல் சரியாகச் சொல்லவில்லை’ என்று இந்தப் பிரிவில் வர முடியாது, அதற்கு மேல்முறையீடோ சீராய்வோதான் வழி. குடும்ப வன்முறைச் சட்ட வழக்கு ஒன்றில் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. கொடுத்து முடித்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் வழியாக அந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்றும் சொன்னது.

இரண்டு, ரஜ்னேஷ் தீர்ப்பின்படி, எந்த வழக்கில் உத்தரவு வந்ததோ அந்த வழக்கிலேயே மாற்றமும் கேட்க வேண்டும். பழைய உத்தரவை மறைத்துவிட்டு வேறொரு சட்டத்தில் புதிதாகக் கேட்கக் கூடாது. ஏற்கெனவே ஒரு வழக்கில் கிடைப்பதை இன்னொரு வழக்கில் கழித்துக் கணக்கிடுவார்கள்.

கொடுக்காமல் விட்டால்

நிலுவை சேர்ந்தால் 144ஆம் பிரிவின் கீழ் வாரண்ட் வரும். ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை போடலாம். ‘உள்ளே போய் இருந்துவிட்டு வந்தால் கணக்குத் தீர்ந்தது’ என்று சிலர் நினைப்பதுண்டு. தீராது. சிறை என்பது பணத்தை வாங்குவதற்கான அழுத்தம், பணத்துக்குப் பதில் அல்ல என்று 1989இல் குல்தீப் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அம்மாக்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்: வாரண்ட் கேட்கும் மனுவை, தொகை விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். நான்கு வருட நிலுவையைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரேயடியாக வாரண்ட் கேட்டால் பழைய மூன்று வருடம் கை நழுவும் அபாயம் உண்டு. வருடத்துக்கு ஒரு முறையாவது நிலுவை மனுப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சிவில் உத்தரவாக இருந்தால் சம்பளத்தை ஜப்தி செய்யலாம். சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் பெரும்பகுதிக்குப் பாதுகாப்பு உண்டு. ஜீவனாம்சத்துக்கு அந்தச் சலுகை சுருங்கிவிடுகிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி மூன்றில் ஒரு பங்குதான் பாதுகாக்கப்பட்டது, மீதி மூன்றில் இரண்டு பங்கு வரை பிடிக்க இடமிருக்கிறது. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போகிற ஊர்களில் உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் தெரிந்திருக்கலாம்: 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம், 90, 91ஆம் பிரிவுகளில், மனைவி பிள்ளைகளின் பராமரிப்புக்காகச் சம்பளத்திலிருந்தே பிடித்துக் கொடுக்க இடம் தருகிறது.

எந்த வருமான மாற்றம் எடுபடும், எது எடுபடாது?

1. வேலை போனது. கம்பெனி மூடியது, ஆள்குறைப்புச் செய்தது, ஷிஃப்டைக் குறைத்தது என்றால் அதற்குக் காகிதம் இருக்கும்: நீக்கக் கடிதம், குறைந்த சம்பளம் விழுந்த பேங்க் கணக்கு, பி.எஃப். கணக்கில் பங்களிப்பு நின்ற மாதம். இவை இருந்தால் நீதிபதி கேட்பார். ஆனால் வேலை போனதால் தொகை பூஜ்யம் ஆகாது. உடலில் தெம்புள்ள ஆண் உழைத்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதை 2015இல் ஷமீமா ஃபரூக்கி வழக்கிலும், 2022இல் அஞ்சு கார்க் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதோடு எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்பதையும் பார்ப்பார்கள். ஐந்து வருடம் மெஷின் ஓட்டியவர் ‘இப்போது சும்மா இருக்கிறேன்’ என்றால், அடுத்த கேள்வி ‘ஏன்?’ என்பதுதான்.

2. தானே வேலையை விட்டது. வழக்கு வந்த மறுமாதம் ராஜினாமா, அதற்கடுத்த மாதம் தம்பி பெயரில் கடை. இந்தக் காட்சி நீதிமன்றத்துக்குப் புதிதல்ல. எடுபடாது என்பது மட்டுமல்ல, மற்ற விஷயங்களில் அவர் சொல்வதையும் நம்பவிடாமல் செய்துவிடும்.

3. கடன் தவணை. வருமான வரி, கட்டாய பி.எஃப். பிடித்தம் போன்றவற்றைக் கழித்துத்தான் நிகரச் சம்பளம் பார்ப்பார்கள். தானாக விரும்பி வாங்கிய கார் கடன், பர்சனல் லோன், சீட்டுப் பணம் இவற்றைக் கழித்துக்கொண்டு ‘கையில் வருவது இவ்வளவுதான்’ என்று சொன்னால் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. பிள்ளையின் சோறு தவணைக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பதே அதன் பொருள்.

4. சம்பள உயர்வு. அரசு ஊழியர், ஆசிரியர், மின்வாரியம், பொதுத்துறை நிறுவனம் என்றால் இது எளிது. அகவிலைப்படி உயர்வு, ஊதியக் குழு, பதவி உயர்வு எல்லாம் காகிதத்தில் இருக்கும். ராணிப்பேட்டை சிப்காட்டில் தனியார் வேலை என்றால், நிறுவனத்திடமிருந்து சம்பள விவரத்தை வரவழைக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

5. இரண்டாம் திருமணமும் புதுக் குழந்தையும். மேலே பார்த்தபடி இது கணக்கில் வரும். தொகையை ஓரளவு குறைக்கலாம், முதல் பிள்ளையை நீக்கிவிடாது.

6. நோய், விபத்து, ஓய்வு. உண்மையான மாற்றங்கள். மருத்துவச் சான்றோடு போனால் பேச இடமிருக்கிறது. ஓய்வுபெற்றவருக்குச் சம்பளம் நின்றாலும் பென்ஷன், கிராச்சுட்டி, வாடகை எல்லாம் வாக்குமூலத்தில் வந்தாக வேண்டும்.

கைப்பணமாகக் கூலி வாங்குகிறவர்கள் விஷயம்தான் சிக்கல். குடியாத்தத்தில் தறி ஓட்டுகிறவருக்கோ, தோல் ஏற்றி இறக்கும் கூலிக்கோ, கட்டட மேஸ்திரிக்கோ சம்பளச் சீட்டு ஏது? கூட்டிக் காட்டவும் குறைத்துக் காட்டவும் இடம் தருகிற வருமானம் இது. இங்கே நீதிபதி பார்ப்பது வாழ்க்கையைத்தான்: வண்டி என்ன, வாடகை எவ்வளவு, போன் பேமென்ட் கணக்கில் மாதம் எவ்வளவு புரள்கிறது. கையில் வாங்கிய கூலி இப்போது க்யூ.ஆர். கோடு வழியாக வருவது, ஒளிக்க நினைப்பவருக்குச் சங்கடம். உண்மையாகவே குறைந்தவருக்கு அதுவே சாட்சி.

அம்மாவுக்கு வருமானம் வந்தால்

பிரிந்த பிறகு அம்மா வேலைக்குப் போகிறார். பீடி சுற்றுகிறார், அல்லது ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறார், அல்லது மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைக்கிறது. ‘அவளே சம்பாதிக்கிறாளே, நான் ஏன் கொடுக்க வேண்டும்?’ என்ற வாதம் உடனே வரும்.

மனைவிக்கான தொகையில் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் இடம் உண்டு. பிள்ளைக்கான தொகையில் அப்படி இல்லை. அங்கே கேள்வி ‘யார் கொடுப்பது’ என்பதல்ல, ‘யார் எவ்வளவு’ என்பது. 2000ஆம் ஆண்டில் பத்மஜா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழிகாட்டியது. இருவரும் வேலையில் இருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் ரூ.3,000 தேவை என்று முடிவுசெய்து, அதை அப்பாவும் அம்மாவும் 2:1 என்ற விகிதத்தில் ஏற்கச் சொன்னது. அதாவது ஒரு பிள்ளைக்கு அப்பா ரூ.2,000, அம்மா ரூ.1,000.

இதை நம் கணக்கில் போட்டுப் பார்த்தால் வருமான மாற்றத்தின் அளவு தெரியும். பிள்ளையின் செலவு மாதம் ரூ.12,000. அப்பா ரூ.30,000 வாங்குகிறார், அம்மா ரூ.10,000. விகிதம் 3:1. அப்பா பங்கு ரூ.9,000. அம்மாவின் சம்பளம் ரூ.15,000 ஆனால் விகிதம் 2:1, அப்பா பங்கு ரூ.8,000. அம்மாவின் வருமானம் ஒன்றரை மடங்கு ஆகியும் அப்பாவுக்குக் குறைவது ஆயிரம் ரூபாய்தான். நீதிபதி இப்படித் துல்லியமாக வகுத்துக்கொண்டிருக்க மாட்டார், ஆனால் போகும் திசை இதுதான். ரஜ்னேஷ் தீர்ப்பும் படிப்புச் செலவைப் பொதுவாக அப்பா ஏற்க வேண்டும், அம்மா போதுமான அளவு சம்பாதித்தால் விகிதப்படி பகிரலாம் என்கிறது.

இந்தக் கணக்கில் ஏறாத ஒன்று இருக்கிறது. பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தால் லீவு போட்டு உட்காருகிறவர் அம்மா. பீடிக்கு எண்ணிக்கைக் கூலி. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளில் எண்ணிக்கை குறையும். அம்மாவின் வருமானம் பற்றிய வாக்குமூலத்தில் இந்த நாள்களையும் எழுதுவது நல்லது என்பேன்.

பிள்ளை வளர்ந்தால்

வருமானம் மாறாமல் பிள்ளை மாறுவதும் ‘சூழ்நிலை மாற்றம்’தான். எல்.கே.ஜி.யில் போட்ட உத்தரவு பத்தாம் வகுப்பு வரை அப்படியே ஓடிக்கொண்டிருக்கும் வழக்குகள் உண்டு. ஃபீஸ் ரசீது, பஸ் கட்டணம், டியூஷன், மருத்துவச் சீட்டு இவற்றை வைத்தே உயர்த்தக் கேட்கலாம். அப்பாவின் சம்பளம் ஏறியதைக் காட்ட வேண்டிய கட்டாயம்கூட இல்லை.

18 வயதில் ஒரு கோடு இருக்கிறது. பழைய 125ஆம் பிரிவின்படி மகனுக்கு அங்கே உரிமை முடிகிறது, உடல் அல்லது மனநலக் குறைபாட்டால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவருக்கு மட்டும் தொடரும். காட்பாடியில் என்ஜினீயரிங் சேரும் வயதில் பணம் நிற்கிறது என்றால் அது கொடுமைதான், ஆனால் அந்தப் பிரிவின் வாசகம் அப்படி. மணமாகாத இந்து மகள் தன் வருமானத்தில் வாழ முடியாத நிலையில், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் மணமாகும்வரை கேட்கலாம். 2020இல் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தை விளக்கியது. முஸ்லிம் மகளுக்கும் மணமாகும்வரை என்பதை நூர் சபா தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால்?

பரஸ்பர விவாகரத்துப் பத்திரங்களில் ‘இனி எந்தக் காலத்திலும் பிள்ளைக்காகக் கூடுதல் தொகை கேட்க மாட்டேன்’ என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. அம்மா தன் உரிமையை விட்டுக்கொடுக்கலாம். பிள்ளையின் உரிமை அவருடையதல்ல, விட்டுக்கொடுக்க. அந்த வரி இருந்தாலும் சூழ்நிலை மாறினால் பிள்ளைக்காக மனுப் போட வழி உண்டு.

அதைவிட உருப்படியான வரி ஒன்று இருக்கிறது: ‘ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு உயரும்’. 2025 மே மாதம் ராக்கி சாதுகான் வழக்கில் உச்ச நீதிமன்றமே மனைவிக்கு மாதம் ரூ.50,000 என்றும், இரண்டு ஆண்டுக்கொரு முறை அது 5 விழுக்காடு உயரும் என்றும் எழுதியது. பிள்ளைக்கான ஒப்பந்தத்திலும் இதே மாதிரி எழுதலாம். பிளஸ் டூவுக்குப் பிந்தைய படிப்புச் செலவு யார் பொறுப்பு, எந்த வயது வரை என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம். அப்படி எழுதினால்தான் தொகை ‘தானாக’ ஏறும், மற்றபடி இல்லை.

மனுப் போடுவதென்றால்

உத்தரவின் நகல், கடைசியாகக் கட்டிய தொகைக்கான ரசீது அல்லது பேங்க் கணக்கு, மாற்றத்துக்கு முந்தைய ஆறு மாதச் சம்பளமும் பிந்தைய ஆறு மாதச் சம்பளமும், பிள்ளையின் செலவுச் சீட்டுகள். இவ்வளவு இருந்தால் தொடங்கலாம். குறைக்கக் கேட்கும் அப்பா, மனு முடியும்வரை பழைய தொகையையே முடிந்தவரை கட்டிக்கொண்டு வர வேண்டும். நிலுவை வைத்துக்கொண்டு குறைக்கக் கேட்பவரை நீதிபதி முதலில் கேட்பது ‘பழசு எங்கே?’ என்றுதான். பணத்தைக் கையில் கொடுக்காமல் கணக்கில் போடுவது இருவருக்கும் நல்லது. ‘மாமியார் கையில் கொடுத்தேன்’ என்பதற்குச் சாட்சி தேட வேண்டிய நிலை யாருக்கும் வரக் கூடாது.

பழைய வட ஆர்க்காடு 1989இல் இரண்டானது, வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றானது. ஆகவே பழைய உத்தரவு எந்த நீதிமன்றத்தில் வாங்கியது, அந்தக் கோப்பு இப்போது எங்கே இருக்கிறது என்பதை உத்தரவு நகலில் உள்ள வழக்கு எண்ணை வைத்து முதலில் பார்த்துக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வேலூர்க்காரர்கள் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் விசாரிக்கலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது. சம்பாதிக்கும் அம்மாவும் கேட்கலாம். வேலை போன அப்பாவும், வருமான வரம்புக்குள் வந்தால், அதே மேசைக்குப் போகலாம். சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.